ஆனைமடைக் குளத்தின் தென்கரை

முருகேஸ்வரிக்குச் சர்க்கரை இருநூற்று எழுபது என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். ரோச் பூங்காவில் ஒரு வாரம் நடந்துபார்த்துவிட்டு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் தலை கிறுகிறுக்கிறது என்று அவள் நிறுத்திவிட்டாள். அப்போது உமாராணி சொன்ன யோசனைதான் குளம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டவுன் பஸ் போகிற தூரத்தில் ஒரு குளம். இறங்கி, கரையோடு ஒரு சுற்று நடந்து, சாயங்காலத்துக்குள் இன்னொரு பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. இரண்டு பொட்டலம் புளிச்சோறு கட்டிக்கொண்டால் போதும்.

இருவரும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தார்கள். கண்டெய்னர்களுக்கான காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. முருகேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது, வாய் ஓயாதவள். உமாராணிக்கு முப்பத்து மூன்று. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அப்பா வீரபாகு பிரையண்ட் நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மகள் வந்து வாசலில் நின்ற அன்று அவர் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கடையில் வேலைக்கு நின்ற பையனை அனுப்பி மாடி அறையைக் கழுவிவிடச் சொன்னார். தாய் இல்லாத பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தவர். தனக்கு மறுகல்யாணப் பேச்சோடு வந்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவைத்தவர்.

மூன்றாவது மாதத்துக்கு ஆனைமடைக் குளம் என்று முடிவானது. பழைய பஸ் ஸ்டாண்டில் ஆறரை மணிக்கு ஏறினார்கள். சாயர்புரம் தாண்டியதும் பனைகள் குறைந்து வாழைத்தோப்புகள் ஆரம்பித்தன. ஊருக்குப் பாதை பிரிகிற ஆனைமடை விலக்கில் கண்டக்டர் இறக்கிவிட்டபோது மணி எட்டாகவில்லை. எதிரே கரை உயர்ந்து நின்றது. ஏறிப் பார்த்ததும் முருகேஸ்வரி கொஞ்சம் வாயடைத்துப் போனாள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். மறுகரையில் ஒரு ஊர் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

“அங்கன வரைக்கும் நடக்கணுமா?”

“அங்கன போய், அந்தப் பக்கமா சுத்தி இங்கனயே வரணும். பதினோரு கிலோமீட்டர்.”

“சர்க்கரையிலேயே செத்திருக்கலாம்,” என்றாள் முருகேஸ்வரி. ஆனாலும் நடந்தாள்.

கரை நல்ல கரை. வெள்ளத்தில் உடைந்த இடத்தில் புதிதாகக் கல் அடுக்கியிருந்தார்கள். சில இடங்களில் முள்ளடர்ந்த உடைமரத்தை வெட்டி, மண்ணைக் கொத்திச் சமன்செய்த வேலை பாதியில் நின்றது. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரங்களில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. உமாராணி தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். காற்று தலையில் படட்டும் என்று.

முதல் மடையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பேச்சுக்குரல் கேட்டு நிமிர்ந்தவள் உமாராணியைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். அலசிக்கொண்டிருந்த சேலை கையிலிருந்து நழுவித் தண்ணீரோடு போனது. அவள் அதை எட்டிப் பிடிக்கவில்லை.

“அக்கா, சேலை போகுது,” என்றாள் உமாராணி.

அந்தப் பெண் பின்வாங்கிப் படியில் ஏறி நின்றாள். இவர்கள் கடந்துபோன பிறகும் அங்கேயே நின்றாள்.

“உன் ஷூவைத்தான் பாக்கா,” என்று முருகேஸ்வரி சிரித்தாள். “சுடிதாருக்கு இப்படி ஒரு ஷூ போட்டா யாரும்தான் பாப்பாங்க.”

அரைமணி கழித்து எதிரே ஆடு பத்திக்கொண்டு ஒருவர் வந்தார். அவரும் நின்றார். ஆடுகள் இவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னே போய்விட்டன.

“நீ யாரு வீட்டுப் பிள்ள?” என்றார்.

“நாங்க தூத்துக்குடி. சும்மா நடக்க வந்தோம்.”

“தூத்துக்குடியில யாரு வீடு?”

அந்நியப் பெண்களிடம் எதற்கு இவ்வளவு விசாரணை என்று முருகேஸ்வரிக்குக் கோபம். உமாராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய் உமாராணி திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். இப்போது அவளுக்கும் ஒரு மாதிரி இருந்தது.

உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பதினோரு மணிவாக்கில் தென்கரை ஊருக்குள் நுழைந்தார்கள். தெருமுனையில் ஒரு டீக்கடை. கடைக்காரி பேச்சித்தாய் அறுபது வயது தாட்டியான பெண். இரண்டு டீ என்று முருகேஸ்வரி சொன்னதற்கு அவள் தலையாட்டவில்லை. உமாராணியையே பார்த்துக்கொண்டு பாலை ஊற்றினாள். பால் கிளாஸ் நிரம்பி வழிந்து மேசையில் ஓடியது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் பேப்பரை மடித்தார்கள்.

“என்ன விஷயம்? ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கீங்க?” என்று முருகேஸ்வரி சத்தமாகக் கேட்டாள்.

பேச்சித்தாய் சொம்பைக் கீழே வைத்தாள். எதிர்ச் சுவரைக் கைகாட்டினாள்.

சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. ஓரம் இன்னும் காற்றில் கிழியாத புதுப் போஸ்டர். அதில் இருந்தது உமாராணியின் முகம். அப்படித்தான் முருகேஸ்வரிக்கு முதலில் தோன்றியது. தலை நரைத்து, கன்னம் சற்றுத் தொங்கி, இன்னும் இருபது வருஷம் போன உமாராணி. மேலுதட்டுக்கு மேலே இடப்பக்கம் ஒரு மரு மட்டும் அதிகம். முருகேஸ்வரி கிட்டப் போய் வாய்விட்டு வாசித்தாள்.

“வடிவம்மாள். தோற்றம் எழுபத்தொண்ணு. மறைவு... போன வியாழனுக்கு முந்தின வியாழன். கண்ணீருடன், கணவர் தளவாய், மகள் செல்வராணி.”

கடைசிப் பெயரில் அவள் குரல் தடுக்கியது. திரும்பி உமாராணியைப் பார்த்தாள். செல்வராணி என்று இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னாள்.

உமாராணி போஸ்டரைத் தொடவில்லை. இரண்டடி தள்ளி நின்றாள். அவள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு ஒரு படம் இருக்கிறது. அம்மாவின் படம். கீழே வடிவம்மாள் என்று பெயரும், மறைந்த தேதியும் எழுதியிருக்கும். உமாராணிக்கு இரண்டரை வயது நடக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டதாக அப்பா சொல்லியிருந்தார். வருஷம் தவறாமல் அந்தத் தேதிக்கு அவர் இலை போட்டுப் படைப்பார். இவள் விழுந்து கும்பிடுவாள். பாலிடெக்னிக் படிக்கும்போது ஒரு வருஷம் பரீட்சையைக்கூட விட்டுவிட்டு வந்து கும்பிட்டாள். அந்தப் படத்தில் இருக்கிற பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. மேலுதட்டுக்கு மேலே இடப்பக்கம் அதே மரு.

“ஏளா உமா, உக்காரு,” என்றாள் முருகேஸ்வரி.

“முருகேஸ்வரிக்கா, தேதியை இன்னொரு தடவை வாசிங்க.”

அவள் வாசித்தாள். அன்றோடு பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

பேச்சித்தாய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து உமாராணியின் கையில் திணித்தாள். “குடி முதல்ல. வடிவுக்கு நீ என்ன வேணும்?”

“தெரியல,” என்றாள் உமாராணி. அதுதான் உண்மை. அந்த நேரத்தில் அவளுக்கு அது தெரியவில்லை.

பேச்சித்தாயே அழைத்துப் போனாள். மூன்றாவது தெருவில் சின்ன கான்கிரீட் வீடு. முற்றத்தில் வாடகை நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும். நிமிர்ந்து பார்த்தவள் முறத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நகர்ந்து சுவரில் முதுகு முட்டி நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. வாய் மட்டும் அம்மா என்பதுபோல் அசைந்தது. உளுந்து முற்றமெல்லாம் உருண்டது.

“செல்வராணி, பயப்படாத. யாரோ தூத்துக்குடியில இருந்து வந்திருக்காங்க. உங்க அப்பன் எங்க?” என்றாள் பேச்சித்தாய்.

தளவாய் பின்கட்டிலிருந்து வந்தார். மொட்டையடித்த தலை, மெலிந்த உயரமான ஆள். கதவுநிலையில் கைவைத்தவர் உமாராணியைப் பார்த்தார். அவர் ஒருவர்தான் அன்று அவளைப் பார்த்துத் திகைக்காமல் பேசியவர்.

“உமாதானே,” என்றார்.

அதைக் கேட்டதும் முருகேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உமாராணியை உட்காரவைத்தாள். சந்தேகத்துக்கு அதுவரை இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது.

தளவாய் தரையில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் பதில் சொன்னார். அவர் அப்போது லாரி ஓட்டினார். வீரபாகு கடைக்கு உப்பு மூட்டை கொண்டுவருவார். பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

“நான் வேற ஆளு, அவ வேற ஆளு. அந்த ஊர்ல இருந்தா ரெண்டு பேரையும் வெட்டிருப்பாங்க. ஒரு விடியக்காலம் கிளம்பி வந்துட்டோம்.”

“என்னைய விட்டுட்டு.”

“உன்னையும் தூக்கிட்டு வரணும்னுதான் இருந்தா. அன்னைக்கு உனக்குக் காய்ச்சல். உங்க அப்பா உன்னைத் தோள்ல போட்டுட்டே நாற்காலியில தூங்கிட்டாரு. எடுத்தா ரெண்டு பேரும் முழிச்சிருவீங்க. லாரியில ஏறி உக்காந்த பிறகும் இறங்குதேன், இறங்குதேன்னா. நான்தான் வண்டியை எடுத்துட்டேன். அதை நான் மறைக்கல.”

ஒரு மாதம் கழித்து வீரபாகு ஆள் அனுப்பியிருக்கிறார். அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துத் தளவாய் அரிவாளோடு வாசலில் நின்றாராம். வந்தவன் கை ஓங்கவில்லை. வடிவம்மாள் செத்துவிட்டாள் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாயிற்று, பதினாறும் கும்பிட்டாயிற்று என்றான்.

“பிள்ளைகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கு, இனி அவ முன்னால வந்து நின்னா பிள்ளை பேயைப் பாத்த மாதிரி பயந்துரும், அதுக்கு மேல உங்க இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் போன பிறகு வடிவு ரொம்ப நேரம் அந்தச் சுவரைப் பாத்தே உக்காந்திருந்தா.”

“என்னைப் பத்திப் பேசுவாங்களா?”

பேசுவாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள். தளவாய் தலையை ஆட்டினார். “இல்ல. முதல் ஒரு வருஷம் அழுதா. பிறகு பேச்சே எடுக்கல. நானும் எடுக்கல. இந்தா, இவளுக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

செல்வராணி இன்னும் சுவரோடுதான் நின்றாள். “இத்தனை வருஷமா?” என்று அப்பாவைக் கேட்டாள். “எனக்கு ஒரு அக்கா இருக்குன்னு இத்தனை வருஷமா ரெண்டு பேரும் சொல்லல?” அவர் தரையில் கிடந்த உளுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அம்மா எப்படிப் போனாள் என்பதைச் செல்வராணிதான் சொன்னாள். நூறு நாள் வேலைக்குக் குளத்துக் கரைக்குப் போயிருக்கிறாள். மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தவள், நெஞ்சு வலிக்கிறது என்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு உடைமர நிழலில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

“கரையில எந்த இடம்?”

“வெட்டின உடைமரம் கிடக்கும்லா. வேலை பாதியில நிக்கும்.”

காலையில் அந்தச் சமன்செய்த மண்ணில்தான் இருவரும் நடந்து வந்திருந்தார்கள். ஷூவுக்கு இதமாக இருக்கிறது என்று உமாராணி சொல்லவும் சொன்னாள். முருகேஸ்வரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம் என்று தளவாய் சொன்னார். வா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. செல்வராணி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள். மீதிக் கரையை மூவரும் நடந்தார்கள். நாலு கிலோமீட்டர். செல்வராணி அடிக்கடி பக்கவாட்டில் திரும்பி உமாராணியின் முகத்தைப் பார்த்தாள்; பார்த்ததும் வேகமாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். விலக்கில் பஸ் வந்து நின்றபோதுதான் கேட்டாள்.

“அக்கான்னு கூப்பிடவா?”

“கூப்பிடு,” என்றாள் உமாராணி.

கடைக்கு வந்தபோது மணி நாலு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வியாபாரம் மந்தம். வீரபாகு தனியாக உட்கார்ந்து ஏலக்காய்ப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். உமாராணி உள்ளே போகவில்லை. வாங்க வந்தவளைப் போலக் கல்லாவுக்கு வெளியே நின்றாள்.

“வடிவம்மாள் இறந்துட்டாங்கப்பா. பதினோரு நாளாச்சு.”

“எந்த வடிவம்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மடித்த காகிதம் கையில் அப்படியே விரிந்தது. அவர் முகம் வெளிறியதை உமாராணி பார்த்தாள். அவ்வளவு நேரம் பஸ்ஸில் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வருஷா வருஷம் அம்மாவுக்கு இலை போட்ட மனிதருக்கு, அவள் செத்தது இப்போதுதான் தெரிகிறது.

“என்ன சீக்கு?” என்றார் கடைசியில்.

“நெஞ்சுவலி. கரையில மண் வேலை பாத்துக்கிட்டு இருந்தப்போ.”

“மண் வேலையா.” அவர் அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொன்னார். “மண் வேலைக்கா போனா.”

“நான் என் வீட்டுக்காரரை விட்டுட்டு வந்தப்போ என்னைய உள்ள விட்டீங்களே. ஒரு கேள்வி கேட்டீங்களா?”

“நீ என் பிள்ள.”

“அப்போ அவங்க?”

வீரபாகு எழுந்தார், உட்கார்ந்தார். “உனக்கு நல்லதுன்னுதான் செஞ்சேன். ஓடிப்போனவ மகள்னு சொல்லுததுக்கு, செத்துப்போனவ மகள்னு சொன்னா ஊர் இரங்கும். பள்ளிக்கூடத்துல உன்னை யாராவது ஒரு சொல் சொன்னாங்களா? சொல்லல. அதுக்காகத்தான். அவளும் நான் சொல்லி அனுப்பினதை மீறல. ஒரே ஒரு தடவைதான் வந்தா.”

உமாராணி கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வந்தாங்க?”

“இங்கனதான். நீ பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டு லீவுல கடையில நின்ன. நான் உள்ள மூட்டை அடுக்கிக்கிட்டு இருந்தேன். முக்காட்டைப் போட்டுட்டு வந்தா. எனக்கு நடையைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. வெளிய வந்தா என்ன ஆகுமோன்னு நான் உள்ளயே நின்னுட்டேன்.”

“யார்கிட்ட பேசினாங்க?”

“உன்கிட்டதான். அரைக் கிலோ பாசிப்பயறு கேட்டா. நீதான் நிறுத்துக் கொடுத்த.”

அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தக் கோடை முழுக்க எத்தனை பேருக்கு எத்தனை அரைக் கிலோ. ஒரு முகம் வரவில்லை, ஒரு கை வரவில்லை, முக்காடு போட்ட ஒரு பெண்ணும் வரவில்லை.

“நான் என்ன சொன்னேன்?”

வீரபாகு தலையைக் குனிந்துகொண்டார். “எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். வேற என்ன வேணும்மான்னு கேட்ட. ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டா.”

வெளியே ஒரு பெண் வந்து நின்று உளுந்து இருக்கிறதா என்று கேட்டாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அடுத்த கடைக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அப்பாவும் மகளும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளிக்கிழமை காலை அவள் பதினாறாம் நாளுக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கியபோது கடை திறக்கவில்லை. வீரபாகு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் நின்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தார். ஏறவில்லை. ஏறுங்கள் என்று அவளும் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர், கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி நகர்ந்த பிறகுதான் கையை எடுத்தார்.